கொள்ளிவாய்ப் பிசாசு மீண்டும் வருகிறது!

மழைக்காலம் முடிந்திருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரகடத்துக்கு அருகில், வடக்குப்பட்டில், உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரு மாணவி, இரண்டு மாணவர்கள். மூவரும் பத்தாம் வகுப்பு. மாணவியின் கையில் கோடு போடாத ஒரு நோட்டு.

"சார், நீங்க காலேஜ்ல இயற்பியல் எடுக்கிறீங்களாமே. ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேளம்மா."

"பிசாசுக்கு இயற்பியல் உண்டா சார்?"

இருபது ஆண்டுகளாக ஆசிரியர் தொழிலில் இருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்தத் தேர்விலும் நான் கேட்டதில்லை. விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அது ஒரு சித்திரக்கதை. கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்து, மை போட்டு, சில இடங்களில் வண்ணமும் தீட்டியிருந்தார்கள். கதை இதுதான்: வடக்குப்பட்டில் நிலத்தைத் தோண்டுகிறார்கள். குழிக்குள்ளிருந்து ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு கிளம்புகிறது. வாயில் நெருப்பு, உடம்பெல்லாம் சேறும் கோரைப்புல்லும். அது ஏரிக்கரையைக் கடந்து தொழிற்சாலைகள் பக்கம் போகிறது. அங்கே கதாநாயகன் ஒருவன் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அதை அணைத்துவிடுகிறான். முற்றும்.

தோண்டுகிற காட்சி கற்பனையன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் வடக்குப்பட்டில் அகழாய்வு செய்தார்கள். கற்கருவிகள், ரோமானியச் சாடிகளின் ஓடுகள், சிறிய பொன் அணிகள் எல்லாம் கிடைத்தன. பிள்ளைகள் அதைக் கதைக்குள் இழுத்துக்கொண்டது நல்ல யோசனைதான்.

"நன்றாகத்தானே இருக்கிறது! என்ன குறை?"

"கிளாஸ்ல எல்லாரும் படிச்சிட்டுச் சிரிச்சாங்க சார். ஒருத்தருக்கும் பயம் வரலை" என்றான் உயரமான பையன். "ஆனா எங்க ஆயா இருக்காங்களே, அவங்க இன்னிக்கும் இருட்டினப்புறம் ஏரிக்கரைப் பக்கம் போகமாட்டாங்க. அவங்களுக்குப் பயமா இருக்கிற பிசாசு எங்களுக்கு மட்டும் ஏன் சிரிப்பா இருக்கு?"

மற்றொரு பையன் ஒன்றும் பேசவில்லை. படம் வரைகிறவன் அவன்தான் என்று பிறகு தெரிந்தது.

மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்வி கதையைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் அதைப் பின்தொடர்ந்து போனால் வேதியியல், மின்னியல், உயிரியல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

சேற்றிலிருந்து எழுந்தவர்கள்

சதுப்புநிலத்துப் பிசாசு நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு, வங்காளத்தில் 'ஆலேயா', கட்ச் பகுதியின் உப்புச் சதுப்பில் 'சிர் பத்தி'. ஐரோப்பியர் இதற்கு லத்தீனில் 'இக்னிஸ் ஃபாட்டுவஸ்' என்று பெயரிட்டார்கள். பித்துப்பிடித்த நெருப்பு என்று பொருள். எல்லா ஊர்க் கதைகளிலும் அது ஒரே வேலையைச் செய்கிறது. தூரத்தில் விளக்குப் போலத் தெரிகிறது, நெருங்கினால் விலகுகிறது, பின்தொடர்ந்தவன் சேற்றில் புதைகிறான்.

சித்திரக்கதைகளில் சேற்றுப் பூதம் புகுந்தது அமெரிக்காவில். 1940-இல் தியடோர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். காட்டில் கிடந்த ஓர் எலும்புக்கூட்டின் மேல் பூஞ்சையும் மக்கிய இலையும் படிந்து ஓர் உருவம் எழுந்து நடக்கிறது என்பது கதை. 1942 டிசம்பரில் 'ஹீப்' என்ற பூதம் சித்திரக்கதையில் தோன்றியது. முதல் உலகப்போரில் போலந்து நாட்டுச் சதுப்பில் விமானத்தோடு விழுந்த ஒரு ஜெர்மன் விமானி, செடிகொடிகளோடு கலந்து பூதமாகிறான். 1954-இல் அமெரிக்கச் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். பயங்கரக் கதைகள் பெரும்பாலும் மறைந்துபோயின. 1971-இல் அந்த விதிகள் தளர்ந்தன. உடனே, அதே ஆண்டில், இரண்டு போட்டி நிறுவனங்கள் சில மாத இடைவெளியில் இரண்டு சேற்றுப் பூதங்களை வெளியிட்டன! ஒன்று 'மேன்-திங்', மற்றொன்று 'ஸ்வாம்ப் திங்'. முதலாவதை எழுதியவர்களுள் ஒருவரும் இரண்டாவதை எழுதியவரும் அப்போது ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர்கள் என்பது வேடிக்கை.

இரண்டாவது பூதம்தான் நம் விஷயத்துக்கு உதவும். லென் வெய்ன் எழுத, பெர்னி ரைட்சன் வரைய, 1972 முதல் தனி இதழாகவே வந்தது. அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி, செடிகள் வேகமாக வளர ஒரு மருந்து கண்டுபிடிக்கிறான். ஆய்வுக்கூடத்தில் குண்டு வெடிக்கிறது. மருந்தும் தீயும் உடம்பில் பட்டு, சதுப்புக்குள் ஓடி விழுகிறான். பிறகு பாசியும் வேருமான உருவத்தோடு எழுகிறான். மீண்டும் மனிதனாக வேண்டும் என்பது அவன் ஏக்கம். சில ஆண்டுகளில் கதை நீர்த்துப்போயிற்று. 24 இதழ்களோடு 1976-இல் நின்றுவிட்டது. 1982-இல் ஒரு திரைப்படம் வந்ததை ஒட்டி மீண்டும் தொடங்கினார்கள். அதுவும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் ஆலன் மூர் என்ற ஆங்கிலேய எழுத்தாளரிடம் பொறுப்பு வந்தது. அவர் என்ன செய்தார்? பூதத்துக்கு இன்னும் இரண்டு கொம்பு வைத்தாரா? இல்லை. 1984 பிப்ரவரி இதழில், சுடப்பட்டு இறந்துபோன(தாகக் கருதப்பட்ட) பூதத்தின் உடலை ஒரு விஞ்ஞானியிடம் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னார். அறுத்தால் உள்ளே நுரையீரல் போல ஒன்று இருக்கிறது. ஆனால் அதனால் மூச்சுவிட முடியாது. சிறுநீரகம் போல ஒன்று இருக்கிறது, எதையும் வடிகட்டாது. எல்லாம் செடியின் நார். விஞ்ஞானிக்குத் தலை சுற்றுகிறது. வேலை செய்யாத உறுப்பு எதற்காக இருக்கிறது? கடைசியில் புரிகிறது: இது செடியாக மாறிய மனிதன் அல்ல. மனிதன் அன்றைக்கே இறந்துவிட்டான். அவன் உடலை உண்டு வளர்ந்த செடி, அவன் நினைவுகளையும் உண்டு, தன்னை மனிதன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது!

நான் இதைச் சொன்னதும் திண்ணையில் சற்று நேரம் அமைதி.

"மேலே ஒண்ணுமே மாத்தலையா சார்? அதே உடம்பா?" என்றான் உயரமானவன்.

"அதே உடம்பு. அதே சேறு. விளக்கத்தை மட்டும் மாற்றினார்."

அந்த விளக்கத்துக்கு மூர் துணைக்கு அழைத்தது ஓர் உண்மையான ஆராய்ச்சியை. பிளனேரியா என்று ஒரு தட்டைப்புழு. இரண்டாக வெட்டினால் தலைப்பகுதிக்கு வால் முளைக்கும். வால்பகுதிக்குத் தலை முளைக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மக்கானல் என்பவர் 1950களில் இந்தப் புழுக்களுக்குப் பாடம் நடத்தினார். விளக்கைப் போட்டு உடனே மின் அதிர்ச்சி கொடுப்பார். சில நாளில் விளக்கைப் போட்ட மாத்திரத்திலேயே புழு சுருங்கும். பாடம் கற்ற புழுவை வெட்டினால், புதிதாகத் தலை முளைத்த துண்டுக்கும் பாடம் நினைவிருந்தது என்றார். 1962-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கற்ற புழுவை நறுக்கிக் கல்லாத புழுவுக்கு உணவாகக் கொடுத்தால் அதற்கும் பாடம் வந்துவிடுகிறது என்று வெளியிட்டார்! (தேர்வுக்கு முதல்நாள் இதைப் படிக்கிற மாணவர்களுக்கு என்ன யோசனை வரும் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம்.)

பிற ஆய்வுக்கூடங்கள் முயன்றபோது இந்த 'உண்டால் வரும் அறிவு' உறுதிப்படவில்லை. அறிவியலில் ஒருவர் பார்த்தால் போதாது. அதே முறையில் செய்கிற வேறொருவரும் பார்க்க வேண்டும். ஆனால் முழுவதும் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியவில்லை. 2013-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷோம்ராட், லெவின் என்ற இருவர், மனிதக் கை படாமல் எந்திரத்தைக் கொண்டே புழுக்களைப் பழக்கினார்கள். தலையை வெட்டி, புதுத்தலை முளைத்த பின்னும் பழகிய இடத்தின் நினைவுச் சாயல் எஞ்சியிருக்கிறது என்று கண்டார்கள். உண்பதால் நினைவு வரும் என்ற பகுதி மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

தமிழிலும் சித்திரக்கதைக்குக் குறைவில்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும்; இரும்புக் கை மட்டும் தெரியும். பள்ளி நாட்களில் இரவல் வாங்கிப் படித்தவன் நான். எந்த மின்னியல் விதிப்படி மறைகிறான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் மின்சாரம் என்றால் என்ன என்று நான் முதலில் கேட்டது அவனால்தான்.

வாயில் கொள்ளி எங்கிருந்து வந்தது?

"அப்போ நம்ம பிசாசுக்கும் விளக்கத்தை மாத்தணும். ஆனா அதுக்குத்தான் புஸ்தகத்திலேயே விளக்கம் இருக்கே சார். சதுப்புநில வாயு. தானாப் பத்திக்கும்" என்றாள் மாணவி.

நல்ல மாணவி. ஆனால் அந்த 'தானா' என்ற சொல்லில்தான் இருநூறு ஆண்டுச் சிக்கல் இருக்கிறது.

1776-இல் இத்தாலியில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா—ஆம், வோல்ட் என்ற அலகுக்குப் பெயர் தந்தவர்தான்—மஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் குச்சியால் கிளறினார். குமிழ்கள் எழுந்தன. தண்ணீர் நிறைந்த குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து அவற்றைச் சேகரித்துக் கொளுத்தினார், நீலநிறமாக எரிந்தது. அதுதான் மீத்தேன். நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில், மக்கும் இலைதழைகளிலிருந்து நுண்ணுயிர்கள் அதை ஆக்குகின்றன. மாட்டின் வயிற்றிலும் இதே தொழிற்சாலை உண்டு. சாண எரிவாயுக் கலனில் நாம் செய்வதும் இதையே. அந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன்தான். சதுப்பைப் பிடித்து ஒரு தொட்டிக்குள் அடைத்துவிட்டோம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே வோல்ட்டா, மின்பொறியால் வாயுவைக் கொளுத்தி வெடிக்கும் ஒரு துப்பாக்கியும் செய்து விளையாடினார். இன்று அடுக்களையில் நாம் 'டக்' என்று அழுத்துகிற லைட்டரின் பாட்டன் அது.

வாயு கிடைத்துவிட்டது. ஆனால் தீக்குச்சி எங்கே? மீத்தேன் காற்றில் தானாகப் பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். நள்ளிரவு ஏரியில் அது ஏது? இங்கேதான் பாஸ்பீனைக் கொண்டுவந்தார்கள். அழுகும் பொருளிலிருந்து சிறிது பாஸ்பீனும், அதோடு சேர்ந்து டைபாஸ்பீனும் வரலாம். டைபாஸ்பீன் காற்றுப் பட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். அது மீத்தேனைக் கொளுத்தும். நம் பாடநூல் விளக்கம் இதுவே.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாஸ்பீன் எரிந்தால் வெண்புகை திரண்டெழும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் வரும். கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்தவர்கள் புகையைப் பற்றிப் பேசுவதில்லை. இங்கிலாந்தில் ஆலன் மில்ஸ் என்பவர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் இந்தத் தீயை உண்டாக்க முயன்றார். பச்சை ஒளியும் புகையும் வந்தன. கதைகளில் வரும் அமைதியான குளிர்ச்சுடர் வரவில்லை.

சுடருக்கு அருகிலேயே போய்ப் பார்த்த ஒருவரும் உண்டு. லூயி பிளெஸ்ஸன் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி. அவருடைய குறிப்பு 1830களில் வெளியாயிற்று. பகலில் குமிழ் எழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு இரவில் அங்கேயே காத்திருந்தார். நீலம் கலந்த ஊதாச் சுடர்கள் தோன்றின. கிட்டே போனால் விலகின. பிசாசுதான் என்று ஓடாமல் அவர் யோசித்தார்: நடக்கும்போது நான் காற்றைத் தள்ளுகிறேன், மூச்சும் விடுகிறேன், அதனால் இந்த மெல்லிய சுடர் நகர்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, மெதுவாக நெருங்கி ஒரு காகிதத்தை நீட்டினார். முதலில் காகிதம் பழுப்பேறி ஈரமாயிற்று. பிறகு ஒடுக்கமான துண்டு ஒன்றை நீட்டியபோது பற்றியே விட்டது! 'பின்தொடர்ந்தால் விலகும், விட்டு நடந்தால் துரத்தும்' என்று ஆயாக்கள் சொல்வது பொய்யன்று. சரியாகப் பார்த்திருக்கிறார்கள், காரணத்தை மட்டும் பிசாசின் தலையில் போட்டுவிட்டார்கள்.

சரி, தீக்குச்சி? 2025 செப்டம்பரில்தான் ஒரு புதிய விடை வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜாரும் அவருடைய குழுவினரும் தண்ணீருக்குள் மீத்தேனும் காற்றும் கலந்த நுண்குமிழ்களை விட்டு, அதிவேகக் கேமராவால் பார்த்தார்கள். குமிழ்கள் நெருங்கும்போது அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத அளவு மின்வெட்டுகள்! நுண்மின்னல்! அந்தப் பொறியில் மீத்தேன் ஆக்சிஜனோடு வினைபுரிந்தது; மங்கலான ஒளியும் வெப்பமும் வெளிப்பட்டன.

இதில் இயற்பியல் இருக்கிறது, விடமாட்டேன். நீர் சிதறும்போது மின்னூட்டம் பிரிகிறது என்பது பழைய செய்தி. அருவிச் சாரலில் மின்னூட்டம் இருப்பதை 1892-இலேயே பிலிப் லெனார்டு விளக்கியிருக்கிறார். குமிழின் மேற்பரப்பிலும் அப்படியே மின்னூட்டம் சேர்கிறது. அளவில் வேறுபட்ட இரண்டு குமிழ்கள் எதிரெதிர் மின்னூட்டத்தோடு நெருங்கினால் என்ன ஆகும்? மின்புலத்தின் வலிமை என்பது மின்னழுத்த வேறுபாட்டைத் தொலைவால் வகுத்தால் வருவது. தொலைவு குறையக் குறைய, சிறிய மின்னழுத்தம் கூடப் பெரிய புலத்தை உண்டாக்கும். சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் காற்றை உடைத்துப் பொறி பாய ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். (மிக நுண்ணிய இடைவெளிகளில் இந்தக் கணக்கு இப்படியே நேராகச் செல்லாது, அது பட்டப்படிப்பில் வரும்.) மழைமேகத்தில் நடப்பதே குமிழுக்குள் நடக்கிறது; அளவுதான் கோடிக்கணக்கான மடங்கு சிறியது.

ஆய்வுக்கூடத்துக் குமிழ் வேறு, ஏரிச்சேற்றுக் குமிழ் வேறு. உண்மையான சதுப்பில் இதே நடக்கிறதா என்று இரவில் காத்திருந்து அளந்து பார்த்தால்தான் வழக்கு முடியும். அப்படிக் காத்திருக்க இன்று இடம் கிடைப்பதே அரிது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பையே பாருங்கள். ஒரு பக்கம் பறவைகள். மறுபக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. அங்கும் அடியில் ஊறுவது மீத்தேன்தான். வடக்குப்பட்டு ஏரிக்கரையில் நின்றால் ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் விளக்கொளி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. மெல்லிய நீலச்சுடர் ஒன்று இருந்தாலும் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆயாவின் காலத்து இருட்டு இப்போது இல்லை. பயம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றேன்.

தொட்டிக்குள் இருப்பது

மாணவி வேகவேகமாகக் குறிப்பெடுத்தாள். "நுண்மின்னல்! பிசாசோட பல்லு எல்லாம் மின்னலா வரையலாம்!"

அதுவரை வாய் திறக்காத பையன் அப்போதுதான் பேசினான். "சார், இந்த வாயு கக்கூஸ் தொட்டியிலேயும் வருமா?"

"வரும். சேறும் அதுவும் ஒன்றுதான். காற்றுப் புகாத இடத்தில் எது அழுகினாலும் வரும்."

"எங்க அப்பா கழிவுநீர் லாரி ஓட்டுறார் சார். கம்பெனிங்க, ஹாஸ்டலுங்க எல்லாத்துக்கும் போவாரு. ஒரு இடத்துல அடைப்பு எடுக்க உள்ளே இறங்கச் சொன்னாங்களாம். இறங்கமாட்டேன், ஆளையும் இறக்கமாட்டேன்னு சொல்லிட்டு லாரியை எடுத்துட்டு வந்துட்டாரு. அன்னிக்குக் காசு வரலை. 'உள்ளே இருக்கிறது கண்ணுக்குத் தெரியாதுடா, கூப்பிடும்'னு சொல்வாரு."

'கூப்பிடும்.' அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கே உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது.

மாணவர்களே, அந்தத் தந்தை சொன்னதன் அறிவியலை இங்கே கொஞ்சம் நிதானமாகவே சொல்லவேண்டும். தொட்டிக்குள் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் நூறு பங்கை எட்டினால்? மணம் அறியும் நரம்பு செயலிழந்துவிடும்; நாற்றம் நின்றுவிடும்! 'வாடை போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று எண்ணுகிற அந்தக் கணத்தில்தான் வாயு மிகுதியாக இருக்கலாம். ஐந்நூறு, ஆயிரம் பங்கு என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவான். காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு. ஆகவே அடியில் தேங்கும். மூடியைத் திறந்து வைத்ததாலேயே எல்லாம் வெளியேறிவிடும் என்று நம்ப முடியாது. படிந்திருக்கிற கசடைக் கலக்கினால், அதில் சிறைப்பட்டிருந்தது ஒரேயடியாகக் கிளம்பும். வோல்ட்டா குச்சியால் கிளறியபோது எழுந்த குமிழ்களைப் போல.

கிணறு தூர்வாருகிறவர்கள் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும். நல்ல சோதனைதான், கிணற்றில். மீத்தேன் உள்ள தொட்டியில் அதையே செய்தால் விபரீதம். காற்றில் 5 முதல் 15 சதவிகிதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் அது வெடிக்கும் கலவை. விளக்கு எரிந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று பொருளல்ல. இதற்கென்று வாயு அளக்கும் கருவிகள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, அந்தத் தந்தை சொன்ன 'கூப்பிடும்' அதுதான். முதலில் ஒருவன் விழுகிறான். மேலே நிற்பவன் பதறிப்போய் அவனைத் தூக்க இறங்குகிறான், அவனும் விழுகிறான். மூன்றாமவன் இறங்குகிறான். செய்தித்தாளில் 'இருவர் பலி', 'மூவர் பலி' என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான். அண்ணனைக் காப்பாற்ற இறங்குகிற தம்பிக்குக் காற்றைப் பற்றிய நினைவு எங்கே வரும்?

கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்கி வேலை வாங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இப்படி இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் இறப்புச் செய்திகள் நிற்கவில்லை. ஒருவன் உள்ளே விழுந்துவிட்டால் வெளியே நிற்பவன் செய்யக்கூடியது: இறங்காமல் 101-ஐயோ 112-ஐயோ அழைப்பது, மற்றவர்களையும் பிடித்து நிறுத்துவது. சொல்வது எளிது. உள்ளே கிடப்பவன் யாரோ அல்ல என்னும்போது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன் என்று சொல்லத் துணியமாட்டேன்.

புதிய நோட்டு

இரண்டு வாரம் கழித்து மூவரும் மீண்டும் வந்தார்கள். புது நோட்டு. அகழாய்வுக் குழி போய்விட்டது. தீயணைப்புக் குழாய்க் கதாநாயகனும் போய்விட்டான். பிசாசு இருக்கிறது, ஆனால் அதற்கு இப்போது உடம்பு இல்லை. ஏரியில் இருட்டு இல்லாமல் போனதால் அது இடம் மாறிவிட்டதாம். ஒரு விடுதியின் பின்புறம், சிமெண்டு மூடிக்குக் கீழே குடியிருக்கிறது. வாயில் கொள்ளியும் கிடையாது.

படம் வரைகிற பையன் நாற்றத்தை எப்படி வரைந்திருந்தான் தெரியுமா? நெளிநெளியான கோடுகளாக. முதல் கட்டத்தில் கோடுகள் அடர்த்தியாக இருக்கின்றன. ஆள் ஏணியில் ஒவ்வொரு படி இறங்க இறங்கக் கட்டத்துக்குக் கட்டம் கோடுகள் குறைகின்றன. ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு கூட இல்லை. வெறும் வெள்ளைத் தாள், நடுவில் ஓர் ஏணி, ஏணியில் ஆள் இல்லை. அடுத்த பக்கத்தில் மேலேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. உள்ளேயிருந்து யாரோ அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அந்த இடத்தில் நான் பக்கத்தைப் புரட்டாமல் சிறிது நேரம் வைத்திருந்தேன். இதைப் பார்த்து வகுப்பில் எவரும் சிரித்திருக்க முடியாது.

"முடிவு என்ன?" என்று கேட்டேன்.

"அதுல சண்டை சார்" என்றாள் மாணவி. "அவர் இறங்கிடணும்னு நான் சொல்றேன், அதுதான் பயம். வேண்டாம், பின்னாலிருந்து ஒருத்தர் சட்டையைப் பிடிச்சு இழுக்கணும்னு இவன் சொல்றான். இழுக்கிறவர் முகத்தை வரைஞ்சுட்டான். பாருங்க, அவங்க அப்பா மாதிரியே இருக்கு."

நான் எந்தக் கட்சியும் எடுக்கவில்லை. அறிவியல் பிழை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஓர் இடத்தில் மீத்தேனைக் கனமான வாயு என்று எழுதியிருந்தார்கள், அது காற்றைவிட இலேசானது என்று திருத்தினேன்.

"அப்பா பார்த்தாரா?" என்று பையனிடம் கேட்டேன்.

"பார்த்தாரு சார். ஒண்ணுதான் சொன்னாரு. உறிஞ்சு குழாய் லாரிக்குப் பின்பக்கம் இருக்கும். நான் முன்பக்கம் வரைஞ்சுட்டேனாம்."

ரப்பரால் அழித்து அதைத் திருத்தி வரைந்திருந்தான்.